‘நார்மல்’ என்று வந்த ரிப்போர்ட்டும் குறையாத சிவப்பும்

கேள்வி: எனக்கு வயது 41. வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். இளைய மகனுக்குத் தாய்ப்பாலை நிறுத்தி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஏழு வாரங்களுக்கு முன்பு இடது மார்பகம் கனத்து, கீழ்ப்பகுதி சிவந்து, தோல் தடித்தது. நான் தைத்த ரவிக்கையே இடப்பக்கம் மட்டும் இறுகியதால் தையலை அரை அங்குலம் பிரித்துவிட்டேன். கையில் கட்டி எதுவும் தட்டுப்படவில்லை; காய்ச்சலும் இல்லை. எங்கள் ஊர் மருத்துவர் நோய்த்தொற்று என்று சொல்லி இரண்டு முறை ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தார். சிவப்பு சற்று மங்கியதே தவிரப் போகவில்லை. மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமில் சந்தேகப்படும்படியான கட்டி இல்லை என்று வந்திருக்கிறது. ‘நார்மல்தானே, டென்ஷன் ஆகாதீங்க’ என்கிறார் மருத்துவர். வீட்டிலும் அதையே சொல்கிறார்கள். நான் வீணாகப் பயப்படுகிறேனா? மறுபடியும் போனால் அவரைச் சந்தேகப்படுவதாக நினைத்துவிடுவாரோ என்று தயக்கமாக இருக்கிறது. என்ன சொல்லிக் கேட்பது?

பதில்: நீங்கள் வீணாகப் பயப்படவில்லை. இந்த வாரத்துக்குள் மறுபடியும் மருத்துவரைப் பார்த்து, மார்பக அறுவைச் சிகிச்சை நிபுணரும், திசுவில் சிறிது எடுத்துச் சோதிக்கும் பயாப்சி வசதியும் உள்ள மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

கடிதத்தைப் படித்து நோயின் பெயரைச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது; மார்பகத்தில் மாற்றம் என்று எங்களிடம் வருகிற பெண்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை என்பதும் உண்மை. ஆனால் பால் கொடுக்காத காலம், காய்ச்சல் இல்லாத சிவப்பு, தடித்த தோல், இரண்டு முறை மருந்து சாப்பிட்டும் முழுதாகக் குறையாத வீக்கம் ஆகிய நான்கும் ஒன்றுசேர்ந்திருக்கும்போது, திசுவை எடுத்துப் பார்க்காமல் இதைத் தொற்று என்று உறுதிசெய்ய வழியில்லை. மருந்து தொடங்கி ஏழு முதல் பத்து நாட்களுக்குள் தெளிவாகக் குணமாகாத மார்பக வீக்கத்துக்கு அடுத்த படி ஸ்கேனும் பயாப்சியும்தானே ஒழிய, மூன்றாவது முறை மாத்திரை அல்ல.

இதில் நாங்கள் முதலில் விலக்க விரும்புவது, அழற்சி வகை மார்பகப் புற்றுநோய் என்ற அரிய நோயை. மார்பகப் புற்றுநோயாளிகள் நூறு பேரில் ஒருவர் முதல் ஐந்து பேர் வரைதான் இந்த வகையில் வருவார்கள். இதில் புற்றுச் செல்கள் தோலுக்கு அடியில் ஓடும் நுண்ணிய நிணநீர்க் குழாய்களை அடைத்துக்கொள்கின்றன. வடிய வேண்டிய நீர் வடியாமல் தங்க, மயிர்க்கால்கள் உள்ள புள்ளிகள் மட்டும் உள்ளே பிடித்து நிற்க, சுற்றியுள்ள தோல் நீர் கோத்து மேலெழும். அதனால்தான் தோல் கமலா ஆரஞ்சின் மேல்தோல் போலக் குழிகுழியாகத் தெரிகிறது. கட்டியாகத் திரளாமல் பரவலாகப் படர்வதால் கைக்கு ஒன்றும் தட்டுப்படாமல் போகலாம். மாதக்கணக்கில் அல்லாமல் வாரக்கணக்கில் வளர்வதால்தான் இதில் காத்திருக்கக்கூடாது என்கிறோம்.

இதே தோற்றத்தில் வேறு நோய்களும் வரும். பிள்ளை பெற்றுச் சில ஆண்டுகள் ஆன பெண்களிடம் நாங்கள் பார்க்கும், புற்றுநோய் அல்லாத வீக்கமான குருணை அழற்சி (granulomatous mastitis) ஒன்று. நம் நாட்டில் மறக்கக்கூடாத மார்பகக் காசநோய் இன்னொன்று. குருணை அழற்சிக்குப் பலருக்கு ஸ்டீராய்டு கொடுக்கிறோம். காசநோய்க்கு ஆறு மாதமாவது கூட்டு மருந்து வேண்டும், அங்கே ஸ்டீராய்டை மட்டும் கொடுத்தால் நோய் கிளம்பிவிடும். புற்றுநோய் என்றால் பாதையே வேறு. மூன்றையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க அனுபவம் மிகுந்த கைகளாலும் முடிவதில்லை. ஆகவே பயாப்சி கேட்பது, ‘எனக்குப் புற்றுநோய்தான்’ என்று நீங்களாக முடிவுகட்டுவதாகாது. எந்த மருந்து சாப்பிட வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே கேட்கிறீர்கள். இதை மருத்துவரிடம் இதே வார்த்தைகளில் சொல்லலாம்.

மேமோகிராம் நல்ல பரிசோதனைதான், ஆனால் அது எல்லாவற்றையும் பார்த்துவிடுவதில்லை. இருக்கும் மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ எட்டில் ஒன்று அதில் தெரியாமல் போகிறது. சுரப்பித் திசு அடர்ந்த மார்பகத்தில் படம் வெள்ளையாக விழும், கட்டியும் வெள்ளையாகத்தான் விழும் என்பதால், நாற்பது வயதை ஒட்டியவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேனையும் சேர்த்தே எடுக்க வேண்டும். அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்பதையும் அதே ஸ்கேனில் பார்த்துவிடலாம். உங்கள் ரிப்போர்ட்டைக் கையில் எடுத்து, கடைசி வரியோடு நிறுத்தாமல் நடுவில் உள்ள வரிகளையும் ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தோல் தடித்திருப்பதாகவோ, இரு பக்கமும் ஒன்றுபோல் இல்லை என்றோ எழுதியிருந்தால், அந்த ரிப்போர்ட் ‘நார்மல்’ அல்ல. இறுதியில் பைராட்ஸ் (BI-RADS) என்று ஓர் எண் இருக்கும்: 0 என்றால் படம் போதவில்லை, மேலும் பார்க்க வேண்டும் என்று பொருள், 3 என்றால் பெரும்பாலும் தீங்கற்றது, ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும், 4, 5 என்றால் பயாப்சி செய்தாக வேண்டும். 1 அல்லது 2 என்று இருந்தாலும்கூட, தோலில் கண்கூடாக மாற்றம் இருக்கும்வரை அந்த எண்ணை வைத்து உங்களை வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது.

இனி, எப்படிச் சொல்வது என்பதற்கு வருகிறேன். பல ஆண்டுகளாக ஓ.பி.யில் உட்கார்ந்து நான் பார்த்து வருத்தப்பட்ட ஒன்று உண்டு. நம் பெண்கள் மார்பகம் என்று வாய் திறந்து சொல்வதில்லை. ‘நெஞ்சுப் பக்கம் ஒரு மாதிரியா இருக்கு’ என்பார்கள். சீட்டு எழுதுபவர் நெஞ்சுவலி என்று எழுதுவார், அந்தப் பெண் வரிசையில் நின்று ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டு, அது சரியாக இருக்கிறது என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போய்விடுவார். அப்படித் திரும்பிப் போய் நான்கு மாதம் கழித்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே ‘இடது மார்பகம்’, ‘காம்பு’, ‘தோல்’ என்ற சொற்களைக் கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள். ஆண் மருத்துவர் பரிசோதிப்பதாக இருந்தால், நர்ஸ் ஒருவரோ உங்களுடன் வந்த பெண்ணோ அருகில் இருக்கும்படி கேட்கலாம். தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனத்திலேயே இது இருக்கிறது, வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கும் உரிமையும் இருக்கிறது.

போகும் முன் ஒரு தாளில் தேதிகளை எழுதிக்கொள்ளுங்கள்: என்று தொடங்கியது, எந்த மாத்திரையை எத்தனை நாள் சாப்பிட்டீர்கள், அதற்குப் பிறகு என்ன குறைந்தது, என்ன குறையவில்லை. ஜன்னலுக்குப் பக்கவாட்டில், வெளிச்சம் சாய்வாக விழும்படி நின்று, கைகளைத் தலைக்கு மேல் தூக்கியும், இடுப்பில் ஊன்றி அழுத்தியும் கண்ணாடியில் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத குழிவுகள் சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். காம்பு உள்ளே இழுபட்டிருக்கிறதா, ஒரு பக்கம் திரும்பியிருக்கிறதா, புண்ணோ அரிப்போ உள்ளதா, உள்ளாடையின் விளிம்புத் தடம் இடப்பக்கம் மட்டும் நெடுநேரம் மறையாமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். வாரம் ஒரு படம் உங்கள் கைபேசியிலேயே எடுத்து வைத்துக்கொள்ளலாம். மருத்துவர் பார்க்கும் அன்று சிவப்பு மங்கியிருந்தாலும் அந்தப் படம் பேசும். ரவிக்கையின் தையலை அரை அங்குலம் பிரித்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அப்படியே சொல்லுங்கள். உங்கள் உடம்பின் பழைய அளவு உங்களுக்குத்தான் தெரியும். ஏழு வாரத்தில் ஒரு பக்கம் மட்டும் இவ்வளவு பெருத்தது என்பது நோயறிய எங்களுக்கு உதவும் உறுதியான தகவல்; மருத்துவர் உங்களை முதல்முறை பார்த்தபோது அவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

கேட்கும் விதத்தில் சண்டை வேண்டாம், மன்னிப்புக் கேட்கும் தொனியும் வேண்டாம். ‘டாக்டர், நீங்க குடுத்த மருந்தை விடாம சாப்பிட்டேன். ஏழு வாரம் ஆகியும் முழுசா சரியாகல. இது தொற்றுதான், வேற எதுவும் இல்லன்னு எதை வச்சு உறுதிப்படுத்தலாம்?’ என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லும்வரை பேசாமல் இருங்கள். இன்னும் சில நாள் பார்க்கலாம் என்று அவர் சொன்னால், ‘எந்தத் தேதி வரைக்கும் பார்க்கலாம்? அன்னைக்கும் இப்படியே இருந்தா என்ன செய்வோம்?’ என்று கேட்டு, அந்தத் தேதியைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் நிலையில் அந்தத் தேதி ஒரு வாரத்தைத் தாண்டக்கூடாது. நல்ல மருத்துவர் இதைக் கேட்டுக் கோபிக்க மாட்டார். அழற்சி வகைப் புற்றுநோயை ஒரு பொது மருத்துவர் தம் வாழ்நாளிலேயே ஓரிருவரிடம்தான் பார்த்திருப்பார், ஒருவரிடமும் பார்க்காமலும் இருந்திருக்கலாம் என்பதால், முதலில் தொற்று என்று நினைத்து மருந்து கொடுத்தது அவருடைய குற்றமல்ல. குறையவில்லை என்று நீங்கள் வந்து சொன்ன பிறகு அவர் என்ன செய்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். அப்போதும் அனுப்ப மறுத்தால் அவருடைய அனுமதிக்காகக் காத்திருக்காமல் நேரே பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மாவட்டத் தலைநகர் மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கொண்டுபோய், அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே விசாரியுங்கள். அடையாறு புற்றுநோய் நிலையம், காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி. ஆகிய இடங்களில் இதற்கென்றே தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனாலே நோய் உறுதியாகிவிட்டதாக அக்கம்பக்கம் பேசுமே என்று பலர் தயங்குகிறார்கள். இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புவதும் அந்த மருத்துவமனைகளின் அன்றாட வேலைதான். எங்கே போனாலும் மேமோகிராம் படம், ரிப்போர்ட், மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். பழைய மருத்துவமனையில் பதிவேடுகளை எழுத்துமூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன.

பயாப்சி என்றதும் வீட்டில் ஒரு குரல் எழும்: ‘ஊசி குத்தினா பரவிடும்.’ பரவாது. தாமதத்தால்தான் நோய் முற்றுகிறது. அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்துவோம். ஸ்டேப்ளர் அழுத்துவது போல ஒரு ‘டக்’ சத்தம் கேட்கும், பயம் அந்தச் சத்தத்துக்குத்தான். சேமியா போன்ற மெல்லிய இழைகள் நாலைந்து எடுத்து, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவக் குப்பியில் போடுவோம். வெறும் கொழுப்பு மிதக்கும், மற்றத் திசு அடியில் இறங்கும். அரை மணி நேரத்தில் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். மெல்லிய ஊசியால் செல்களை மட்டும் உறிஞ்சும் எஃப்.என்.ஏ.சி. உங்களுக்குப் போதாது, இழையாக எடுக்கும் ட்ரூகட் பயாப்சியும், சிவந்த தோலிலிருந்து சிறு வட்டமாக எடுக்கும் பஞ்ச் பயாப்சியும் சேர்ந்து வேண்டும் என்று கேளுங்கள். ‘சீழா இருக்கும், கீறி விட்டுடலாம்’ என்று சொன்னால், முதலில் ஸ்கேன் எடுத்துச் சீழ் இருப்பதை உறுதிசெய்யச் சொல்லுங்கள். அப்படிக் கீறினாலும் உட்சுவரின் திசு பரிசோதனைக்குப் போக வேண்டும். எடுத்த திசுவை ஆய்வகத்துக்கு அனுப்பாமல் கொட்டிவிட்ட இடங்களிலிருந்து வந்த பெண்களுக்கு, தொலைந்துபோன அந்தத் துண்டை வைத்து எங்களால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

ரிப்போர்ட் வந்ததும் ஒன்றைக் கவனியுங்கள். ‘அழற்சி மட்டுமே, புற்றுச் செல் இல்லை’ என்று வரலாம். அப்படியே வரட்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். அதன்படி சிகிச்சை தொடங்கிச் சில வாரங்களில் தோல் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால், ஊசி சரியான இடத்தில் பட்டதா என்ற கேள்வி மறுபடி எழும். கண்ணால் பார்ப்பதும், ஸ்கேன் சொல்வதும், திசு சொல்வதும் ஒத்துப்போகாதவரை நாங்கள் கோப்பை மூடுவதில்லை, இரண்டாவது பயாப்சி எடுப்போம். அதனால் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும் அன்றே, மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று மருத்துவரிடம் கேட்டு, அடுத்து வர வேண்டிய தேதியையும் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.