தடியின் எந்த முனை?

கேள்வி: 'ராங் எண்ட் ஆஃப் த ஸ்டிக்' என்ற ஆங்கில மரபுத்தொடர் பேரத்தில் நட்டப்படுவதைக் குறிக்கிறது என்றும், ரோமானியர் கழிப்பறையில் பிறந்தது என்றும் என் நண்பர் சொல்கிறார். 'தடியின் தவறான முனையைப் பிடித்தல்' என்று அதைத் தமிழில் எழுதலாமா?

பதில்: இத்தொடர் குறிப்பது ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வதை; விளக்க வந்த தொடருக்கு உங்கள் நண்பர் தாமே எடுத்துக்காட்டாகிவிட்டார். நட்டப்படுவதைச் சொல்வது 'ஷார்ட் எண்ட் ஆஃப் த ஸ்டிக்'. அது அமெரிக்க வழக்கு. எனினும் அவர் பக்கம் சிறிது நியாயம் உண்டு. 'தடியின் மோசமான முனை' என்று 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் வழங்கியபோது, அது பாதகமான நிலையில் அகப்பட்டுக்கொள்வதையே குறித்தது. தப்பாகப் புரிந்துகொள்ளுதல் என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. ரோமானியர் கழிப்பறைகளில் கோலில் கட்டிய கடற்பஞ்சு இருந்தது உண்மைதான். அதற்கும் இத்தொடருக்கும் உறவு உண்டு என்பதற்குச் சான்று கிடையாது.

இத்தொடரின் நுட்பம் வேறிடத்தில் இருக்கிறது. வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கிடைத்த ஒருவர், 'அடுத்த மாதம் முதல் அலுவலகம் வரமாட்டேன்' என்று மகிழ்ச்சியோடு சொல்ல, அதைக் கேட்டவர் அவருடைய பிரிவு உபசார விழாவுக்குப் பணம் திரட்டத் தொடங்கினால், அவரைப் பற்றி இப்படிச் சொல்லலாம். காதில் விழுந்த சொல் சரி, அதிலிருந்து அவர் கட்டிய முடிவுதான் தலைகீழ். ஒன்றுமே விளங்காமல் விழிப்பவருக்கும், தேதியைப் பிழையாக எழுதியவருக்கும், வேண்டுமென்றே பேச்சைத் திரிப்பவருக்கும் இது பொருந்தாது. இருவர் வெவ்வேறு பொருளைப் பற்றித் தனித்தனியே பேசிக்கொண்டிருந்தால் அதற்கு 'அட் கிராஸ் பர்ப்பசஸ்' என்ற தொடர் இருக்கிறது; வழி கேட்டவருக்குக் கொட்டைப் பாக்கு விலை சொல்லும் நம் கதை அதற்கு ஓரளவு நெருங்கி வரும்.

சொல்லுக்குச் சொல் தமிழாக்க வேண்டாம். தடி என்றதும் தமிழ் வாசகருக்கு அடிதான் நினைவுக்கு வரும். 'தலைகீழாகப் புரிந்துகொண்டார்' என்றாலே போதும். ஆங்கிலத்தில் பேசும்போதும், எதிரில் இருப்பவரைப் பார்த்து இதைச் சொன்னால் சற்று வெடுக்கென்று ஒலிக்கும் என்பதால், 'நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன் போலிருக்கிறது' என்று பழியைத் தம்மீது ஏற்றிச் சொல்வதே நயம். நண்பரிடம் பேசப் போகிறீர்கள், நினைவில் இருக்கட்டும்.