வெள்ளை ரம்மும் இருமல் மருந்து வாடையும்

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்கிறார்: "வெள்ளை ரம், ஆரஞ்சு லிக்கர், செர்ரி லிக்கர் மூன்றையும் 30 மில்லி வீதம் ஊற்றி ஐஸ் போட்டுக் கலக்கினேன், இருமல் மருந்து மாதிரி இருந்தது. மறுநாள் குலுக்கிப் பார்த்தேன், கலங்கலாக, தண்ணியாக வந்தது. எங்கே தப்பு?"

முதல் தப்பு அளவில். லிக்கர் (liqueur) என்றால் பொதுவாக மது இல்லை, வாசனையும் இனிப்பும் சேர்த்த மது; அந்தப் பாட்டிலில் பழ வாசனையோடு சர்க்கரையும் நிறைய இருக்கிறது. ஐரோப்பியச் சட்டப்படி, ஒன்றிரண்டு விலக்கு தவிர, லிட்டருக்குக் குறைந்தது 100 கிராம் சர்க்கரை இருந்தால்தான் அதை லிக்கர் என்று விற்கலாம். கிரேம் த காஸிஸ் என்கிற கருந்திராட்சை (blackcurrant) லிக்கருக்கு அது 400 கிராம். அதாவது 30 மில்லி காஸிஸ் ஊற்றினால் தலைதட்டி மூன்று டீஸ்பூன் சர்க்கரை போட்ட கணக்கு. நீங்கள் 30 மில்லி ரம்முக்கு 60 மில்லி லிக்கர் ஊற்றியிருக்கிறீர்கள், பிறகு ரம் எங்கே தெரியும்?

நான் போடுகிற அளவு இது: வெள்ளை ரம் 60, ட்ரை வெர்மூத் (மூலிகை வாசனை ஏற்றிய, இனிப்புக் குறைந்த ஒயின்) 15, ஆரஞ்சு லிக்கர் 10, மராஸ்கினோ 5, எல்லாம் மில்லி. மராஸ்கினோ செர்ரியிலிருந்து வடிக்கிற நிறமற்ற லிக்கர். சிவப்பு செர்ரி லிக்கர்தான் கையில் இருக்கிறது என்றால் அதையும் 5 மில்லியோடு நிறுத்துங்கள். வெர்மூத்தின் லேசான கசப்புதான் இனிப்பைப் பிடித்து இழுக்கும். எலுமிச்சைச் சாறு மட்டும் வேண்டாம், சாறு விழுந்தால் அது குலுக்க வேண்டிய பானம், வேறு கதை.

குலுக்கினால் காற்றும் ஐஸ் துகளும் உள்ளே போகும், நீங்கள் பார்த்த கலங்கலுக்கு அதுதான் காரணம். இதில் எல்லாமே தெளிந்த சரக்கு, கலக்கினால் போதும். ஆனால் கலக்குவது சர்க்கரை கரைக்க இல்லை. குளிரையும் தண்ணீரையும் அளவாகச் சேர்க்கத்தான். 90 மில்லி ஊற்றினால் முடிவில் 115 மில்லி போல வரவேண்டும், அந்த 25 மில்லி தண்ணீர் இல்லாவிட்டால் தொண்டை எரியும்.

சரி, ஐஸ். புதுச்சேரிப் புழுக்கத்தில் ட்ரேயை வெளியே வைத்துவிட்டு பாட்டிலைத் தேடினால் அதற்குள் ஐஸ் வேர்த்துவிடும், அந்த ஈரமும் சேர்ந்து பானத்தை நீர்த்துப்போகச் செய்யும். ஒரு டிபன் பாக்ஸில் தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்க உறைய வைத்து, துணியில் சுற்றி, சின்ன உலக்கையால் இரண்டு தட்டு தட்டுங்கள். நெல்லிக்காய் அளவுக்குச் சின்னதாக வேண்டாம், பெரிய துண்டுகள்தான் மெதுவாகக் கரையும். ஃப்ரீசரில் வைத்த உயரமான எவர்சில்வர் டம்ளரில் எல்லாவற்றையும் ஊற்றி, கடைசியாக ஐஸை முக்கால்வாசி நிரப்பி, நீளக் கரண்டியின் முதுகு டம்ளர் சுவரை ஒட்டியே ஓடுகிற மாதிரி முப்பது நொடி சுற்றுங்கள். ஐஸ் கடகடவென்று மோதினால் வேகம் அதிகம். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், இன்னும் சுள்ளென்று இருந்தால் பத்து நொடி கூட. டீ வடிகட்டியில் வடித்துக் குளிர்ந்த கிளாஸில் ஊற்றினால் முடிந்தது.

அப்புறம் தோல். செய்முறைகளில் ஆரஞ்சுத் தோல் என்று எழுதியிருப்பார்கள், எனக்கு நம்ம நார்த்தங்காய்தான் பிடிக்கும். வெள்ளைச் சதை ஒட்டாமல் பச்சைத் தோலை மட்டும் கட்டைவிரல் அகலத்துக்குச் சீவி, கிளாஸுக்கு மேலே மடக்கிப் பிழிந்தால் எண்ணெய் பொடிப் பொடியாகத் தெறித்து மேலே மினுக்கும். இருமல் மருந்து வாடை மிச்சம் இருந்தாலும் அதில் அடங்கிவிடும்.

ஒரு கிளாஸ் ஒரு லார்ஜுக்கும் (60 மில்லி) மேல், இனிப்பு அதை மறைத்துவிடும், வண்டி எடுக்காதீர்கள். கடலூர் நண்பருக்குத் தர வேண்டுமென்றால் அவரை இங்கே கூப்பிடுங்கள், பாட்டிலோடு முள்ளோடை எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் போலீஸ் சோதனையில் மாட்டுவீர்கள். திறந்த வெர்மூத் மட்டும் ஃபிரிட்ஜில் இருக்கட்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள், அதற்கு மேல் ருசி மங்கிப் புளிக்க ஆரம்பிக்கும்.