பேப்பர் கப்பில் தொடங்கிய குழப்பம்

அம்மா, நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பெண், நிலைத்தன்மைப் படிப்பில் (சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் வளங்களைப் பயன்படுத்துவது பற்றிய படிப்பு) சேர்ந்த ஒரே வருடத்தில் "நான் நம்பியதெல்லாம் தப்போ" என்று உட்கார்ந்துவிட்டாள், படிப்பை மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

பேப்பர் கப் விஷயத்தை நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் கண்ணில் பட்டது. பள்ளியில் பிளாஸ்டிக் கப்பை ஒழித்து, பேப்பர் கப் கொண்டுவரப் பாடுபட்டவள். கல்லூரி ஆய்வகத்தில் அதே பேப்பர் கப்பை ஊறவைத்துக் கிழித்தபோது, உள்பக்கத்திலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் படலம் உரிந்து கையோடு வந்திருக்கிறது. பாலிஎத்திலீன். கசியாமல் இருக்க அதைத்தான் பூசுகிறார்கள். அதனாலேயே அந்தக் கப் சாதாரணக் காகிதத்தோடு மறுசுழற்சிக்கு எளிதில் போகாது. இதைப் பார்த்தபின் பிள்ளை ஆடிப்போகாமல் இருந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

அமெரிக்கக் கல்வியாளர் ஜாக் மெசிரோ, படிப்பை விட்டுப் பல வருடம் கழித்துக் கல்லூரிக்குத் திரும்பிய பெண்களை ஆராய்ந்து 1978-ல் இப்படி நம்பிக்கை ஆட்டம் காண்பதைப் பற்றி எழுதினார். தெரிந்ததோடு இன்னும் நாலு விஷயம் சேர்வது ஒரு வகைக் கற்றல். நாம் பார்க்கிற பார்வையே மாறிப்போவது வேறு வகை. அதுதான் உருமாற்றக் கற்றல். அவர் சொன்ன பத்துப் படிகளில் முதல் படியே, பழைய நம்பிக்கை கைகொடுக்காமல் திகைத்து நிற்பது. அப்புறம்தான் தன் அனுமானங்களைச் சோதிப்பது, மற்றவர்களோடு பேசுவது, புதிய பொறுப்புகளை முயன்று பார்ப்பது எல்லாம் வருகின்றன.

சில கல்லூரிகள் மாணவர்களை முதல் படியிலேயே விட்டுவிடுகின்றன. உருகும் பனிப்பாறையைக் காட்டிக் குற்ற உணர்ச்சியை ஏற்றி, கடைசியில் தேர்வு வைத்து அனுப்பிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எனவே மகளிடம் படிப்பை மாற்றுவதையோ எதிர்கால வேலையையோ பற்றி இப்போது பேசாதீர்கள். "கப்பைக் கிழித்த பிறகு ஆசிரியர் உங்களை என்ன செய்யச் சொன்னார்?" என்று மட்டும் கேளுங்கள். எஃகு டம்ளர் செய்ய ஆகும் எரிசக்தி, ஒவ்வொரு தடவையும் கழுவ ஆகும் வெந்நீர், எத்தனை தடவை பயன்படுத்தினால் அது பேப்பர் கப்பை முந்தும் என்று கணக்குப் போட வைத்தார்களா? அப்படியானால் படிப்பு சரியாகப் போகிறது. கட்டுரை எழுதியதோடு முடிந்தது என்றால், மீண்டும் எனக்கு எழுதுங்கள்; யோசிக்கலாம்.

அந்தக் கணக்குக்கு வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்று பெயர். ஐஎஸ்ஓ 14040 என்ற சர்வதேசத் தரநிலையே அதற்கு இருக்கிறது. நிறுவனங்களில் கார்பன் கணக்கு (புவியைச் சூடாக்கும் வாயு எவ்வளவு வெளியாகிறது என்ற கணக்கு), எரிசக்தித் தணிக்கை, நிலைத்தன்மை அறிக்கை போன்ற வேலைகளுக்கு இந்த மாதிரிக் கணக்கு தெரிந்தவர்கள் தேவை. கார்பன் கணக்கில் ஒரு நிறுவனம் தன் ஆலையின் புகையை மட்டும் கணக்கிட்டால் போதாது. மூலப்பொருள் தருபவரிடமும், பொருளை வாங்கிப் பயன்படுத்துபவரிடமும் உண்டாகும் உமிழ்வையும் சேர்க்க வேண்டும். அதை 'ஸ்கோப் 3' என்பார்கள். கப்பின் உள்பக்கத்தைச் சுரண்டிப் பார்த்தவளுக்கு இது புரியாமல் போகாது.

ஆனால் அக்கறையை மட்டும் பார்த்து யாரும் சம்பளம் தர மாட்டார்கள். புள்ளியியலும் எக்செலும் கைவசம் இருக்க வேண்டும். கூடவே வேதியியல், மின்சாரம், நீர், நிதி என ஏதாவது ஒன்றில் அழுத்தமான அடித்தளம் வேண்டும். பட்டத்தின் பெயரில் 'நிலைத்தன்மை' இருந்து, உள்ளே இது எதுவும் இல்லாத படிப்புகளை நான் பரிந்துரைப்பதில்லை.

அவள் சொல்லும் பதிலையும் பாடத்திட்டத்தையும் அனுப்புங்கள். விருப்பப் பாடம் தேர்வு செய்யும் கடைசித் தேதிக்கு முன்னால் அனுப்பினால் நல்லது.