மலைநடை கேள்வி – பதில்: 3,414 மீட்டர் சிகரம், ஒரே நாளில்

கேள்வி: ஆகஸ்டில் சூரிச்சில் இருக்கும் மகனிடம் போகிறோம். சுவிட்சர்லாந்தின் செர்மாட் ஊருக்கு மேலே உள்ள ஓபர்ரோட்ஹார்ன் சிகரத்துக்கு ஒரே நாளில் போய் வந்துவிடலாம் என்கிறான். எனக்கு 56 வயது. தினமும் எஸ்டேட் ரோட்டில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். என்னால் முடியுமா?
– ஒரு வாசகி, குன்னூர்

பதில்: முடியும், ஆறு வாரம் பழகினால். பிரஷர், இதயக் கோளாறு இருந்தால் முதலில் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

ஆல்ப்ஸில் பனிப்பாறையை மிதிக்காமல், கயிறு கட்டாமல், போட்ட பாதையிலேயே நடந்து ஏறக்கூடிய மிக உயரமான சிகரங்களில் இது ஒன்று. செர்மாட்டிலிருந்து சுரங்க ரயிலில் சுன்னெகா, அங்கிருந்து கேபிள் காரில் பிளவ்ஹெர்ட் (2,571 மீட்டர்). அதன்பின் 843 மீட்டர் ஏற்றம் முழுக்க உங்கள் கால்தான். ஊட்டி சேரிங் கிராஸிலிருந்து தொட்டபெட்டா ஏறுவதைப் போல இரண்டு மடங்கு. போக மூன்று மணி நேரம், வர இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பாதை நெடுக வெள்ளை–சிவப்பு–வெள்ளைக் கோடு இருக்கும். வெள்ளை–நீலம்–வெள்ளை கண்ணில் பட்டால் அந்தப் பக்கம் போகாதீர்கள். அது மலையேற்றப் பயிற்சி உள்ளவர்களுக்கானது.

மூச்சைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். குன்னூர்க்காரருக்கு அதில் கொஞ்சம் அனுகூலம் உண்டு. ஆனால் சூரிச் 400 மீட்டர் உயரம்தான்; அங்கே இரண்டு வாரம் இருந்தால் அந்தப் பழக்கம் விட்டுப்போகும். உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். முதல் நாள் இரவாவது செர்மாட்டில் தூங்கிவிட்டு ஏறுங்கள்.

உண்மையில் ஆளைப் படுத்துவது இறக்கம். வழியில் வரும் ஃபுர்கி கணவாய்க்கு மேலே பாதை உதிரிக் கல்லாக இருக்கும். பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்த்தால் குதிகால் வழுக்கி உட்கார்ந்துவிடுவீர்கள். முழங்காலை லேசாக மடக்கி, உடம்பு எடை பாதத்துக்கு நேர் மேலே விழும்படி, பாதம் முழுக்கப் பதித்து, அரை அடி அரை அடியாக இறங்க வேண்டும். உச்சியிலேயே ஷூ லேஸை அவிழ்த்து, கணுக்கால் பக்கம் இறுக்கி மறுபடி கட்டுங்கள். இல்லாவிட்டால் கால் முன்னால் சரிந்து, கட்டைவிரல் நகம் முட்டி முட்டிக் கறுத்துவிடும்.

இதற்குப் பயிற்சி இங்கேயே எடுக்கலாம். வாரம் ஒருமுறை சேரிங் கிராஸிலிருந்து தொட்டபெட்டாவுக்கு ஏறி, நடந்தே இறங்குங்கள். "ஏறியாச்சே" என்று பஸ்ஸில் திரும்பினால் தொடைக்கு வேண்டிய பாதிப் பயிற்சி போச்சு. மூன்றாவது வாரத்திலிருந்து முதுகுப் பையில் ஐந்து லிட்டர் தண்ணீர் போட்டுக்கொள்ளுங்கள். நன்றாக விடிந்தபின் கிளம்புங்கள். இருட்டில் காட்டுமாடு ரோட்டிலேயே நிற்கும்.

திரும்பும் நேரத்தைக் காலையிலேயே பேசி முடிவு செய்யுங்கள். ஒன்பதுக்கு நடக்க ஆரம்பித்தால், பன்னிரண்டரைக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும், உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் சரி. கடைசி கேபிள் காரை விட்டால், களைத்த முழங்காலோடு இன்னும் 950 மீட்டர் இறங்க வேண்டியிருக்கும். கடைசி கேபிள் கார் நேரத்தை அன்று காலை ஸ்டேஷனில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கொடைக்கானல் குளிருக்கு வைத்திருக்கும் ஸ்வெட்டர் போதுமா? சாப்பாடு?
– ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: ஸ்வெட்டர் சரி, உள்ளே காட்டன் பனியன் கூடாது. வியர்வையில் நனைந்தால் காயாது. நின்ற நிமிஷமே உடம்பு நடுங்கும். கம்பளி அல்லது பாலியெஸ்டர் பனியன், அதன்மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேலே காற்றும் மழையும் புகாத கோட்டு. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் குறையும். செர்மாட்டில் 20 டிகிரி என்றால் உச்சியில் 8. காற்றடித்தால் அதுவும் இல்லை. மங்கி குல்லா, கையுறை, கறுப்புக் கண்ணாடி, சன்ஸ்கிரீன் கட்டாயம். ஷூவை இங்கேயே வாங்கி ஆறு வாரம் போட்டுப் பழக்குங்கள். அங்கே போய்ப் புதிது வாங்கினால் கொப்புளம் நிச்சயம்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். சப்பாத்தி ரோல், பேரீச்சை, கடலை மிட்டாய் போதும். பசிக்கும்வரை காத்திராமல் மணிக்கொரு தடவை இரண்டு வாய் சாப்பிடுங்கள்.

கேள்வி: மேலே இருக்கும்போது இடி இடித்தால்?
– ஒரு வாசகர், ஊட்டி

பதில்: ஆல்ப்ஸில் கோடை இடி பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் வரும். முன்பகலிலேயே மேகம் காலிஃபிளவர் மாதிரி மேல்நோக்கி வளர்ந்தால் இறங்கத் தொடங்குங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 வினாடிக்குக் குறைவென்றால் ஆபத்து எல்லைக்குள் இருக்கிறீர்கள். உச்சி, முகடு, தனியாக நிற்கும் பாறை, இரும்புக் கம்பம் எல்லாவற்றையும் விட்டு விலகி இறங்குங்கள். இறங்க வழியில்லை என்றால் பள்ளமான இடத்தில் இரண்டு காலையும் சேர்த்துக் குந்துங்கள்; படுக்காதீர்கள்.

அடிபட்டால் மீட்பு ஹெலிகாப்டருக்கு 144, அல்லது 112. போனில் சிக்னல் கிடைக்காவிட்டால் ஒரு நிமிஷத்தில் ஆறு முறை விசிலோ டார்ச்சோ, பிறகு ஒரு நிமிஷம் இடைவெளி, மறுபடி ஆறு. நிமிஷத்துக்கு மூன்று பதில் வந்தால் கேட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

கேள்வி: தலைவலி வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு ஏறலாமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: கூடாது. வாந்தியோ தள்ளாட்டமோ சேர்ந்தால் உடனே இறங்க வேண்டும், துணைக்கு ஆளோடு.