ஹெவிவெயிட்டில் உடம்பு எவ்வளவு தூரம் கொண்டுபோகும்?

அன்புள்ள ஐயா,

ஹெவிவெயிட் (குத்துச்சண்டையின் மிக உயர்ந்த எடைப் பிரிவு) வீரர்களான உசிக் – ஃப்யூரி மோதிய சண்டைகள் இரண்டையும் பார்த்தேன். அதிலிருந்து அலுவலகத்தில் ஒரு விவாதம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அமெரிக்காவில் பெரிய உடம்புக்காரர்கள் எல்லாரும் பணத்துக்காகக் கூடைப்பந்துக்கும் அமெரிக்கக் கால்பந்துக்கும் போய்விட்டார்கள், அதனால்தான் உசிக் மாதிரி உடம்பில் சிறிய ஒருவர் சாம்பியனாக முடிகிறது என்கிறார் என் நண்பர். ஆறடி எட்டு அங்குலம், 115 கிலோ, நல்ல ஓட்டம், நல்ல பாய்ச்சல் உள்ள ஒருவருக்கு இரண்டு வருடம் பயிற்சி கொடுத்தால் போதுமாம். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஹெவிவெயிட்டில் ஜெயிக்க உயரமும் உடல்திறனும் போதுமா? போதாது என்றால் எடைப் பிரிவுகள் எதற்கு?

ர., ஓசூர்

அன்புள்ள ர.,

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. உடம்பு முக்கியமே இல்லை, எல்லாம் மனஉறுதிதான் என்று பேசுவதை நான் ஏற்பதில்லை. 49 சண்டைகளில் 49-ஐயும் ஜெயித்து ஓய்வுபெற்ற ராக்கி மார்சியானோவின் எடை சுமார் 85 கிலோ. இன்றைய கணக்கில் அவர் ஹெவிவெயிட்டே இல்லை, அதற்குக் கீழே உள்ள குரூசர்வெயிட். 90.7 கிலோவைத் தாண்டிவிட்டால் ஹெவிவெயிட், அதற்கு மேலே வரம்பு கிடையாது. 100 கிலோக்காரரும் 125 கிலோக்காரரும் ஒரே ரிங்கில் நிற்கலாம். திறமை சமமாக இருந்தால் பெரியவருக்குத்தான் வாய்ப்பு அதிகம். ஹெவிவெயிட் சாம்பியன்களான லென்னாக்ஸ் லூயிஸ், கிளிட்ச்கோ சகோதரர்கள், ஃப்யூரி எல்லாரும் ஆறடி ஐந்து அங்குலமும் அதற்கு மேலும். எடைப் பிரிவுகள் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் திறமையைச் சமமாக்குவதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதில்தான் உங்கள் நண்பர் தப்புக் கணக்குப் போடுகிறார். அவர் சொல்லும் பரிசோதனையை அமெரிக்காவில் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள். 1979-ல் டல்லாஸ் கௌபாய்ஸ் அணியின் எட் ஜோன்ஸ், ஆறடி ஒன்பது அங்குலம், அமெரிக்கக் கால்பந்தை விட்டுவிட்டுக் குத்துச்சண்டைக்கு வந்தார். ஆறு சண்டை, ஆறும் வெற்றி. அடுத்த வருடமே கால்பந்துக்குத் திரும்பிவிட்டார். பிறகு கலிஃபோர்னியாவின் கார்சன் நகரில் ஒரு தொலைக்காட்சித் தொழிலதிபர், கல்லூரிகளில் அமெரிக்கக் கால்பந்தும் கூடைப்பந்தும் ஆடிய பெரிய உடம்புக்காரர்களைத் திரட்டி, செலவு செய்து, ஹெவிவெயிட் வீரர்களை உருவாக்கப் பார்த்தார். அங்கிருந்து வந்தவர்தான் டொமினிக் பிரசீல். ஆறடி ஏழு அங்குலம். உழைப்பாளி, 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் வரை போனார். தொழில்முறையில் பட்டத்துக்காக இரண்டு முறை மோதினார். 2016-ல் ஆன்டனி ஜோஷுவாவிடம் 7-வது ரவுண்டில் வீழ்ந்தார். 2019-ல் டியான்டே வைல்டரிடம் முதல் ரவுண்டிலேயே முடிந்தது. அந்த இடம் வரை போனதே பெரிய விஷயம் என்பேன். ஆனால் உடம்பு அவரை அதுவரைதான் கொண்டுவந்து விட்டது.

இந்த விஷயத்தை விளாடிமிர் கிளிட்ச்கோவை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஆறடி ஆறு அங்குலம், 110 கிலோ, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் தங்கம், இரண்டு கையிலும் இடி. உங்கள் நண்பர் கேட்கும் உடம்பு இதுதான். அப்புறம் என்ன நடந்தது? 1998-ல் கீவ் நகரில், அதற்குள் 13 முறை தோற்றிருந்த ராஸ் ப்யூரிட்டியை முதல் பாதி முழுக்க அடித்து நொறுக்கிவிட்டு, மூச்சு போய், 11-வது ரவுண்டில் தோற்றார். 2003-ல் கோரி சாண்டர்ஸ் இரண்டே ரவுண்டில் முடித்தார். 2004 ஏப்ரலில் லேமன் ப்ரூஸ்டரை 4-வது ரவுண்டில் கீழே தள்ளியவர், 5-வது ரவுண்டின் முடிவில் தானே நிற்க முடியாமல் சரிந்தார். இவர் கதை முடிந்தது என்று எழுதாத பத்திரிகை இல்லை.

ப்யூரிட்டி, ப்ரூஸ்டர் சண்டைகளில் கோளாறு ஒன்றேதான். எதிராளியை உடனே முடித்துவிட வேண்டும் என்று எல்லாக் குத்தையும் முழு பலத்தோடு வீசுவார். தோளும் கழுத்தும் இறுகிப் போகும். மூச்சைப் பிடித்துக்கொண்டே அடிப்பார். எதிராளி விழாமல் நின்றுவிட்டால் அடுத்து என்ன செய்வதென்று அவரிடம் திட்டம் இருக்காது. அவ்வளவு பெரிய தசைகள் வெறும் இறுக்கத்திலேயே பிராணவாயுவைத் தின்றுவிடும்.

ப்ரூஸ்டர் சண்டையில்தான் எமானுவேல் ஸ்டூவர்ட் முதல்முறையாக அவருடைய கார்னரில் கோச்சாக நின்றார். தோல்விக்குப் பிறகும் அவர் விட்டுவிட்டுப் போகவில்லை. பின்னங்காலில் எடையை வைத்து நிற்கவும், இடது கை ஜாபால் (நேராக நீட்டி விடும் குத்து) எதிராளியைத் தூரத்திலேயே நிறுத்தவும் பழக்கினார். எதிராளி உள்ளே புகுந்துவிட்டால் பதறாமல் கட்டிப்பிடித்து, தன் எடையை அவர்மேல் சாய்த்து, நடுவர் பிரிக்கும்வரை மூச்சு வாங்கிக்கொள்வதும் பாடத்தில் இருந்தது. பார்க்கச் சலிப்பாக இருக்கிறது என்று பலர் திட்டினார்கள். எனக்கு அது சலிப்பாகவே தெரிந்ததில்லை. தன் பயத்தையும் பலவீனத்தையும் தெரிந்துகொண்ட ஒரு மனிதர் அதற்கு ஏற்றபடி தன்னை மறுபடி கட்டி எழுப்பியதை நான் கண்ணாரப் பார்த்தேன். 2006 ஏப்ரலில் பட்டத்தைத் திரும்பப் பிடித்தவர் 2015 நவம்பரில்தான் அதை ஃப்யூரியிடம் இழந்தார். இந்த ஒன்பதரை வருடத்தில் அவர் ஒரு அங்குலம்கூட வளரவில்லை.

மற்ற விளையாட்டுகளின் உடல்திறன் இங்கே ஏன் அப்படியே செல்லுபடியாவதில்லை என்பதற்கும் காரணம் உண்டு. அமெரிக்கக் கால்பந்தில் ஒரு மோதல் சில வினாடிகளில் முடிந்துவிடும், பிறகு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். குத்துச்சண்டையில் மூன்று நிமிடம் தொடர்ந்து, பன்னிரண்டு ரவுண்டு. அதைவிடப் பெரிய விஷயம், முகத்தை நோக்கிக் குத்து வரும்போது கண் மூடிக்கொள்வதும் தலை பின்னால் போவதும் உடம்பின் இயல்பு. அதை மாற்றிக் கண் திறந்தபடியே ஓரங்குலம் விலகி, அதே நொடியில் திருப்பி அடிக்க ஆயிரக்கணக்கான ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) ரவுண்டுகள் வேண்டும். களைத்துப்போன 10-வது ரவுண்டிலும் அது தானாக நடக்க வேண்டும்.

நண்பர் வைல்டரை எடுத்துக்காட்டுவார். இருபது வயதில் கிளவுஸ் மாட்டி, மூன்றே வருடத்தில் பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் வெண்கலம், 2015-ல் உலகப் பட்டம். உண்மைதான். ஆனால் வைல்டரை உயர்த்தியது அவருடைய வலது கையின் விசை. பெரிய உடம்புக்காரர்களிலேயே அது அபூர்வம். 2018-ல் ஃப்யூரியோடு மோதியபோது அவர் எடை 97 கிலோவைக்கூடத் தொடவில்லை. அந்த வலது கை மட்டும் போதாமல் போன இடங்களில், ஃப்யூரி அவரை இரண்டு முறை தோற்கடித்தார்.

சரி, உசிக்குக்கு வருவோம். 2024 மே மாதம் ரியாத்தில் ஃப்யூரியின் எடை 119 கிலோ, உசிக் 101. டிசம்பரில் வித்தியாசம் 25 கிலோ ஆனது. இரண்டிலும் உசிக்தான் ஜெயித்தார். இடதுகைக்காரர் என்பதால் அவருடைய முன்னங்கால் எதிராளியின் முன்னங்காலுக்கு வெளியே போய் நிற்கும். அங்கிருந்து அவருடைய இடது கைக்கு நேர்வழி கிடைக்கிறது, ஃப்யூரியோ திரும்பி நின்றுதான் அடிக்க வேண்டும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அந்த 119 கிலோவையும் அவர்தான் சுமந்து திரும்ப வேண்டும். கூடவே வயிற்றில் குத்து விழுந்துகொண்டே இருக்கும். முதல் சண்டையில் 9-வது ரவுண்டில் ஃப்யூரி கயிற்றுக்குக் கயிறு தள்ளாடியது ஒரே குத்தால் வந்ததல்ல.

உசிக்கும் பிறவிக் குத்துச்சண்டைக்காரர் இல்லை. பதினைந்து வயது வரை கால்பந்து (அமெரிக்கக் கால்பந்து அல்ல) ஆடியவர். பிறகு பத்து வருடம் அமெச்சூர் ரிங்குகளில் முந்நூறுக்கும் மேற்பட்ட சண்டைகள், அதற்குப் பிறகுதான் லண்டன் தங்கம். அமெரிக்காவில் அந்த உயரமான பையன்கள் பன்னிரண்டு பதினைந்து வயதிலேயே ஜிம்முக்கு வந்திருந்தால் ஹெவிவெயிட் வரலாறு வேறு மாதிரி இருந்திருக்கும், உங்கள் நண்பரோடு இதில் நான் ஒத்துப்போகிறேன். ஆனால் இருபத்து மூன்று வயதில் வந்து இரண்டு வருடத்தில் அதைப் பிடித்துவிட முடியாது.

அவருக்கு இரண்டு சண்டைகளைக் காட்டுங்கள். கிளிட்ச்கோ – ப்ரூஸ்டர் முதல் சண்டை, அடுத்து 2005 செப்டம்பரில் சாமுவேல் பீட்டரோடு நடந்தது. பீட்டரிடம் கிளிட்ச்கோ மூன்று முறை கீழே விழுகிறார். ஒவ்வொரு முறை எழுந்த பிறகும் அவருடைய இடது கை என்ன செய்கிறது என்று மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். 12-வது ரவுண்டில் பீட்டரைத் தள்ளாட வைக்கும் இடது ஹுக்கையும் (பக்கவாட்டில் வளைத்து வீசும் குத்து) தவறவிட வேண்டாம்.