பி.ஏ. வரலாறுதான் படிப்பேன் என்று மகள் அடம்பிடிக்கிறாளா?

சார், போனில் பாதி நேரம் "இதைப் படிச்சு என்ன வேலை கிடைக்கும்" என்றே கேட்டீர்கள். அதற்கு வருகிறேன், முதலில் நேற்று உங்கள் மகளிடம் பேசியதைச் சொல்லிவிடுகிறேன்.

நோட்டைக் கொண்டுவந்திருந்தாள். "ஏகாதிபத்தியத்தின் காரணங்கள்" என்று தலைப்பு, கீழே ஐந்து: மூலப்பொருள், சந்தை, உபரி மூலதனம், தேசப் பெருமை, மதம் பரப்புதல். ப்ளஸ் டூ பிள்ளைகள் எல்லோரும் வைத்திருக்கும் மனப்பாட நோட்டுதான். இதை மட்டும் பார்த்திருந்தால் நானே பி.காம். பக்கம் தள்ளியிருப்பேன். நோட்டை மூடச் சொல்லிவிட்டு ஒன்று கேட்டேன்: ஜெர்மன் பேரரசை 1871 ஜனவரி 18 அன்று பிரான்சில், வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் போய் ஏன் அறிவித்தார்கள், பெர்லினில் இடமில்லையா?

"தோத்தவன் வீட்டுக் கூடத்துலயே கல்யாணம் வைக்கிற மாதிரி சார்" என்றாள். அப்புறம் அவளாகவே 1849க்குப் போனாள். 1848 முதல் பிராங்பர்ட்டில் கூடிவந்த, மக்கள் தேர்ந்தெடுத்த சபை, அந்த வருடம் ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் மன்னர் நான்காம் பிரெடரிக் வில்லியமுக்குக் கிரீடம் தர முன்வந்தது, அவர் வேண்டாம் என்றுவிட்டார். 22 வருடம் கழித்து, டென்மார்க், ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க் மூன்று போர்களில் இறங்கிய பிறகு, பிரெடரிக் வில்லியமின் தம்பி முதலாம் வில்லியம் ஏற்றுக்கொண்டார், ஆனால் இந்த முறை கொடுத்தவர்கள் சக அரசர்கள். "கிரீடத்துல பிரச்சினை இல்ல சார், நீட்டுற கையிலதான்." கீழிருந்து எழும் தேசியவாதம், மேலிருந்து கட்டப்படும் தேசியவாதம் என்று பாடநூல் இழுத்துச் சொல்வது இவ்வளவுதான்.

அடுத்த கேள்வியில் தடுமாறினாள், அதையும் சொல்ல வேண்டும். குடியேற்ற நாடுகளில் ஆர்வமே காட்டாத பிஸ்மார்க் 1884இல் திடீரென்று டோகோ, கேமரூன், தென்மேற்கு ஆப்பிரிக்கா என்று பிடித்தது ஏன்? "மூலப்பொருள்" என்றாள், நோட்டு பேசியது. அந்த வருடம் ஜெர்மனியில் தேர்தல், ஹாம்பர்க் துறைமுக வணிகர்கள் கொடுத்த நெருக்குதல், பிரிட்டனோடு ஆடிய ராஜதந்திரம், எல்லாம் கலந்த விஷயம் அது. எது முதன்மை என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அதே வருடம் நவம்பரில், ஆப்பிரிக்காவைப் பிடிப்பதற்கான விதிகளைப் பேச பெர்லின் மாநாட்டில் 14 நாடுகள் உட்கார்ந்தன, ஓர் ஆப்பிரிக்கருக்கும் நாற்காலி இல்லை. காங்கோவோ பெல்ஜியத்துக்குக்கூடப் போகவில்லை, 1908 வரை அது பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் சொந்தச் சொத்து மாதிரி கிடந்தது, ரப்பருக்காக அங்கே மனிதர்களின் கைகளை வெட்டினார்கள். ஐந்து காரணப் பட்டியலில் இதை எங்கே வைப்பது என்று கேட்டேன். யோசித்துவிட்டு வருகிறேன் என்று போனாள். எனக்குப் பிடித்தது அந்தப் பதில்தான்.

சரி, வேலை. பி.ஏ. வரலாறு மட்டும் போதாது, பூசி மெழுக மாட்டேன். ஆசிரியர் வேலை என்றால் பி.எட். வேண்டும், மேல்நிலைப் பள்ளிக்கு எம்.ஏ.வும் சேர வேண்டும். சிவில் சர்வீஸ் மெயின்ஸில் பொது அறிவு முதல் தாளிலேயே 18ஆம் நூற்றாண்டு முதலான உலக வரலாறு இருக்கிறது. வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்தால் இரண்டு தாள், 500 மதிப்பெண். ஆனால் அதை மட்டும் நம்பி ஐந்து வருடம் உட்கார வைக்காதீர்கள், அந்த வீடுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ஆராய்ச்சியில் ஆசை இருந்தால் இப்போதே ஒரு ஐரோப்பிய மொழி தொடங்கட்டும், சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் சொல்லித்தருகிறார்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் டச்சு, டேனிஷ் பதிவுகள்கூட இருக்கின்றன, வாசிக்கத்தான் ஆள் குறைவு. (தரங்கம்பாடியை டேனிஷ்காரர்கள் 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றே விட்டார்கள், ஏகாதிபத்தியத்தில் இப்படியும் ஒரு வகை.)

மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், கடைசி நாள்வரை தள்ளாதீர்கள். சனிக்கிழமை இரண்டு பேரும் வாருங்கள். மார்க் ஷீட் வேண்டாம், காங்கோவை எங்கே வைத்தாள் என்று மட்டும் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.