இரவு ரயிலில் படுத்துத் தூங்க: கேள்வி பதில்

டிக்கெட் பரிசோதகராக 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது நாகர்கோவில் வடசேரியில் குடியிருக்கிறேன். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி இரவு ரயில்களிலேயே கழிந்தது. விளக்குகள் அணைந்த பிறகு ஒரு டார்ச்சுடன் பெட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தால், யார் உண்மையில் தூங்குகிறார்கள், யார் கண்ணை மூடிக்கொண்டு விழித்துக் கிடக்கிறார்கள் என்பது மூச்சு விடும் விதத்திலேயே தெரிந்துவிடும். மருத்துவம், படிப்பு, வேலை, விசா என்று நம் மாவட்டத்தார் எதற்காகச் சென்னைக்குப் போனாலும், இறங்கிய கையோடு காரியத்தைப் பார்க்க வேண்டியிருப்பதால் அந்த ஓரிரவுத் தூக்கம் மிகவும் முக்கியமானது. வந்த கேள்விகளுக்கு நான் அறிந்தவரை பதில் எழுதுகிறேன்.

தக்கலையிலிருந்து ஒரு சகோதரி: அண்ணாச்சி, நானும் கணவரும் அடுத்த மாதம் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் வகுப்பில் போகிறோம். இருவருக்கும் நாற்பது வயதுக்குள்தான். எந்த பெர்த் கிடைத்தால் நன்றாகத் தூங்கலாம்?

நாற்பது வயதுக்குள் உள்ளவர்களுக்கு என் பரிந்துரை அப்பர் பெர்த்தான். எல்லாரும் லோயரையே கேட்கிறார்கள். ஆனால் லோயர் பெர்த்காரர் தம் இருக்கையில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்திருக்கும் வரை காத்திருக்க வேண்டும், மிடில் பெர்த்காரர் தாம் படுப்பதற்காக மற்றவர்களை நகரச் சொல்ல வேண்டும். அப்பர் பெர்த்காரரோ வள்ளியூர் தாண்டியதும் ஏறிப் படுத்துவிடலாம், காலையிலும் யாரும் எழுப்பமாட்டார்கள். பகலெல்லாம் வெயிலில் நின்ற பெட்டியாக இருந்தால் கூரையின் சூடு முதல் சில மணி நேரம் தெரியும் என்பது ஒன்றுதான் குறை. சித்திரை, வைகாசியில் போகிறவர்கள் ஒரு துவர்த்தை (துண்டை) நனைத்துப் பிழிந்து கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பெர்த்தின் உயரத்துக்கு அடுத்தபடியாக, பெட்டியில் அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சக்கரத் தொகுதிகள் பெட்டியின் இரு முனைகளுக்கு அடியில் இருப்பதால், ரயில் ஒரு தடத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது எழும் உதறலும் ஓசையும் அங்கேதான் அதிகம். கழிவறைகளும் அங்கேயே இருப்பதால் கதவு அடிக்கும் சத்தமும் இரவு முழுவதும் ஓயாது. பழைய ஸ்லீப்பர் பெட்டியில் 72 பெர்த்துகளும், இப்போது பரவலாக ஓடும் எல்.எச்.பி. என்ற புதிய வகைப் பெட்டியில் 80 பெர்த்துகளும் உள்ளன. இரண்டிலுமே 33 முதல் 40 வரையிலான எண்கள் நடுப்பகுதியில் வரும். எண்ணை நாமே தேர்ந்தெடுக்க முடியாது, விருப்பத்தை மட்டுமே குறிப்பிட முடியும் என்றாலும், கிடைத்த எண்ணை எட்டால் வகுத்துப் பார்த்தால் முன்கூட்டியே தயாராகலாம். மீதி 1 அல்லது 4 என்றால் லோயர், 2 அல்லது 5 என்றால் மிடில், 3 அல்லது 6 என்றால் அப்பர், 7 என்றால் சைடு லோயர், மீதி இல்லையென்றால் சைடு அப்பர். முனையிலுள்ள எண் வந்துவிட்டால் காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு எடுத்துச் செல்லுங்கள்.

எந்த பெர்த்தானாலும் நடைபாதைப் பக்கம் தலை வைக்காதீர்கள். இரவில் ஏறுகிறவரின் தோள்பை தலையில் இடிக்கும், பாதை விளக்கும் நேராகக் கண்ணில் படும். லோயரிலும் மிடிலிலும் சன்னல் பக்கம் தலை வைப்பவர்கள் சன்னலை அடைத்துவிட்டுப் படுக்க வேண்டும். ஆனி முதல் ஆவணி வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிக்கும் காற்றைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திறந்த சன்னலருகே அரை மணி நேரம் படுத்தாலே கழுத்து பிடித்துக்கொள்ளும்.

குளச்சலிலிருந்து ஒருவர்: என் அம்மாவுக்கு 68 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. நான்கு பேராகச் சேர்த்துப் பதிவு செய்தபோது அம்மாவுக்கு அப்பர் பெர்த் வந்துவிட்டது. இது ஏன்?

நான்கு பேராகச் சேர்த்துப் பதிவு செய்ததுதான் காரணம். 60 வயது நிறைந்த ஆண்களுக்கும், 45 வயது நிறைந்த பெண்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் ஒவ்வொரு பெட்டியிலும் சில லோயர் பெர்த்துகள் ஒதுக்கப்பட்டுள்ளன. அந்த ஒதுக்கீடு, தகுதியுள்ளவர் தனியாகவோ தகுதியுள்ள இருவராகவோ பயணம் செய்யும்போதுதான் கிடைக்கும். குடும்பத்தோடு ஒரே டிக்கெட்டில் சேர்த்துவிட்டால் கணினி அதைப் பொதுக் கணக்கில் கொண்டுபோய்விடும். அம்மாவுக்குத் தனி டிக்கெட் எடுங்கள், அல்லது பதிவின்போது குறைந்தது ஒரு லோயர் பெர்த் கிடைத்தால் மட்டுமே டிக்கெட் வேண்டும் என்ற விருப்பத்தைக் குறியுங்கள். எப்படியும் மேலே வந்துவிட்டால், வண்டி கிளம்பியதும் பரிசோதகரிடம் சொல்லுங்கள். காலியாகும் லோயர் பெர்த்தை முதியவருக்கு மாற்றித் தர அவருக்கு அதிகாரம் உண்டு. நானே எத்தனையோ தாய்மார்களை அப்படிக் கீழே இறக்கிப் படுக்கவைத்திருக்கிறேன். கேட்கத் தயங்கி இரவெல்லாம் உட்கார்ந்தே வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், அது என் மனத்தை இன்றும் உறுத்துகிறது.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு மாணவர்: ஐயா, என் உயரம் ஆறடி. எப்போதும் சைடு அப்பர்தான் கிடைக்கிறது. காலை நீட்டவே முடிவதில்லை.

சைடு பெர்த்துகள் மற்றவற்றைவிட நீளம் குறைந்தவை, இரு முனையும் தடுப்பால் அடைபட்டவை. உங்கள் உயரத்துக்கு அங்கே மல்லாந்து படுக்க வழியில்லை. ஒருக்களித்துப் படுத்து முழங்காலைச் சற்று மடக்கி, இரு முழங்கால்களுக்கும் இடையே மடித்த சாரத்தையோ (லுங்கியையோ) போர்வையையோ வைத்துக்கொண்டால் இடுப்பு வலிக்காது. சைடு பெர்த்தில் நாம் ரயில் ஓடும் திசையிலேயே நீளவாக்கில் படுக்கிறோம் என்பதால், கால் எஞ்சின் பக்கமாக இருக்கட்டும். பிரேக் பிடிக்கும்போது உடல் முன்னோக்கிச் சரியும். தலை எஞ்சின் பக்கம் இருந்தால் ஒவ்வொரு முறையும் உச்சந்தலை தடுப்பில் போய் முட்டும். சைடு லோயர் கிடைத்தால், இரண்டு இருக்கைகளைச் சாய்த்துச் சேர்க்கும் இடத்தில் உள்ள இடைவெளி சரியாக இடுப்புக்கடியில் வரும். போர்வையை நான்காக மடித்து முதலில் அந்த இடைவெளியை நிரப்பிவிட்டு, பிறகு படுங்கள்.

கோட்டாறிலிருந்து ஒரு வணிகர்: மாதம் இருமுறை சரக்கு எடுக்கச் சென்னை போகிறேன். ஏ.சி. பெட்டியானாலும் தூக்கம் வருவதில்லை. திரும்பும்போதும் அப்படியே. உடம்பில் ஏதேனும் கோளாறா?

கோளாறு என்று நான் நினைக்கவில்லை. பழக்கமில்லாத இடத்தில் முதல் இரவு தூக்கம் மேலோட்டமாக இருப்பது மனிதருக்கு இயல்பு. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், புதிய இடத்தில் தூங்குபவரின் மூளையில் இடப்பாதி வலப்பாதியைவிட விழிப்பாக இருந்து, ஓசைகளைக் கவனித்துக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். ரயில் பெட்டி ஒவ்வொரு முறையும் புதிய இடம்தான், அதனால் பழகிய பொருள் ஏதாவது உடன் இருக்கட்டும். வீட்டுத் தலையணை உறையும், தினமும் போர்த்தும் துணியும் போதும்.

ஆனால் நான் பார்த்தவரை, குலுக்கலால் தூக்கம் கெட்டவர்களைவிடக் கவலையால் கெட்டவர்களே அதிகம். நீங்கள் பணத்தோடு போகிறவர். ஒரு முறை, உங்களைப் போன்ற ஒரு வியாபாரி மதுரையிலும் திண்டுக்கல்லிலும் திருச்சியிலும் எழுந்து உட்கார்ந்து, பெர்த்தின் அடியில் கைவிட்டுப் பெட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்ததை நான் கவனித்தேன். விழுப்புரத்தில் அவரிடமே, "இரும்பு வளையத்தில் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள், ஐயா" என்றேன். லோயர் பெர்த்தின் அடியில் அதற்கென்றே வளையங்கள் இருப்பது அவருக்குத் தெரியாது. பூட்டிய பிறகு செங்கல்பட்டு வரை அவர் அசையவே இல்லை. சங்கிலியும் பூட்டும் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். பணத்தைச் சட்டைப்பையில் வைக்காமல் இடுப்போடு கட்டும் பைக்கு மாற்றுங்கள். கைப்பேசியைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். இரவு 11 முதல் அதிகாலை 5 வரை சார்ஜ் இணைப்பை நிறுத்திவைக்கும் ஏற்பாடும் இருப்பதால், வீட்டிலேயே முழுமையாகச் சார்ஜ் செய்துவிடுவது நல்லது.

இன்னொன்று, மாலையில் குடிக்கும் சாயாவும் காப்பியும். காப்பியின் ஊக்கம் உடலில் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரமளவு ஆகும். வண்டியில் ஏறியதும் ஒன்று, திருநெல்வேலியில் ஒன்று, மதுரையில் ஒன்று என்று குடித்தால் நள்ளிரவிலும் விழித்திருப்பீர்கள். இரவு உணவாகப் புரோட்டாவும் கறியும் வேண்டாம். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழையிலையில் கட்டிய நான்கு இட்லியும் இரண்டு மட்டிப்பழமும் வயிற்றை உறுத்தாது.

நாகர்கோவிலிலிருந்து ஒருவர்: மிடில் பெர்த்தை எட்டு மணிக்கே விரிக்க வேண்டும் என்று எதிரில் இருந்தவர் வாதம் செய்தார். விதி என்ன?

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைதான் தூங்கும் நேரம். அதற்கு முன்போ பின்போ மிடில் பெர்த்தை விரித்து மற்றவர்களை உட்காரவிடாமல் செய்ய முடியாது. அந்த நேரத்துக்குள் விரிக்க வேண்டாம் என்று தடுக்கவும் முடியாது. உடல்நலமில்லாதவர் என்றால் மற்றவர்கள் விட்டுக்கொடுப்பதே முறை. விரித்த பிறகு, ஏறுவதற்கு முன் இரு பக்கச் சங்கிலிகளின் கொக்கியும் முழுமையாக மாட்டியிருக்கிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள். கீழே ஓர் உயிர் படுத்திருக்கிறது என்பதால் இதில் நான் யாரையும் விட்டுவிட்டதில்லை.

இரணியலிலிருந்து ஒரு சகோதரி: என் தம்பி அசாமில் வேலை செய்கிறான். விவேக் எக்ஸ்பிரஸில் திப்ருகர் வரை போக நினைக்கிறேன். மூன்று இரவுக்கு மேல் எப்படித் தூங்குவது?

கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் வரை 4,100 கிலோமீட்டருக்கும் மேல், இந்தியாவிலேயே மிக நீண்ட ரயில் பயணம் அது. ஓரிரவுப் பயணம் போல இதை நினைக்கக்கூடாது. முதல் நாள் பகலில் சோர்வாக இருக்கிறது என்று படுத்தே கிடந்தால், இரவில் தூக்கம் வராமல் நாட்கணக்கே குழம்பிவிடும். பகலில் உட்கார்ந்திருங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பெட்டி நெடுக நடங்கள். நீண்ட நேரம் காலைத் தொங்கவிட்டு அசையாமல் இருந்தால் கணுக்கால் வீங்குவதோடு, காலில் இரத்தம் உறையவும் வாய்ப்புண்டு. படுக்கும் முன் முகம், கை, கால் கழுவி உடை மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டில் செய்வதை அதே வரிசையில் செய்தால் உடம்புக்கு இரவு என்று தெரியும். கிழக்கே போகப் போகச் சூரியன் முன்னதாகவே உதிக்கும், அசாமில் நம் ஊரைவிட வெகு சீக்கிரம் வெளிச்சம் வந்துவிடும். கண்ணை மறைக்க ஒரு கறுப்புத் துணி அவசியம்.

குழித்துறையிலிருந்து ஒருவர்: தாம்பரத்தில் விடியற்காலையில் இறங்க வேண்டும். நிலையம் தாண்டிவிடுமோ என்ற பயத்தில் மூன்று மணிக்கே விழித்துவிடுகிறேன்.

139 என்ற ரயில்வே உதவி எண்ணில் அழைத்தால், இறங்கும் நிலையம் நெருங்கும்போது உங்களை எழுப்பும் வசதியைப் பதிவு செய்துகொள்ளலாம். அதோடு, உங்கள் கைப்பேசியில் தாம்பரம் வரும் நேரத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பாக அலாரம் வைத்து, அதிர்வில் போட்டு, தலையணை உறைக்குள் கன்னத்துக்குக் கீழே வைத்துப் படுங்கள். மற்றவர் தூக்கம் கெடாது, உங்களுக்கும் தவறாது. செருப்பை மின்விசிறிக் கூண்டின் மேல் வைக்காமல் ஒரு துணிப்பையில் போட்டுக் கால்மாட்டில் வைத்துக்கொண்டால், இருட்டில் தேட வேண்டியிருக்காது.